சிறிய வால் உண்டு

2024 ஜூலை 8

துணி காயவில்லை. விடாமல் சாரல். ஈரவாடை அடிக்கிற சேலையையே கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. சீசன் தொடங்கிவிட்டால் தென்காசி–குற்றாலம் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களை யாரும் மனுஷராக மதிப்பதில்லை. தலையில் எண்ணெய் வழிய ஒரு குடும்பமே என் மேல் சாய்ந்துகொண்டு வந்தது.

எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

நேற்று மேக்கரைப் பக்கம் ஒரு பாக்குத் தோட்டத்தில் தோண்டும்போது ஒன்று கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று டிபார்ட்மெண்ட் அலமாரியில் இருக்கும் பாட்டிலை எடுத்தேன். லேபிளில் 'இக்தியோஃபிஸ், 1992' என்று இருக்கிறது. தவளைக்கு உறவான காலில்லாத பிராணி, பார்ப்பவர்களுக்குப் பெரிய மண்புழு. செங்கோட்டைப் பக்கம் குருடி என்பார்கள். என் பிஎச்.டி.யே இதில்தான். ஆனாலும் போன வருஷம் இந்தக் கல்லூரிக்கு வந்ததிலிருந்து அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்ததில்லை. அது பரீட்சைப் பாட்டில். செய்முறைத் தேர்வன்று மேசையில் வைப்பார்கள். பிள்ளைகள் பார்த்து, பெயர் எழுதி, படம் வரைந்து, குறிப்பு எழுத வேண்டும். ஸ்பாட்டர் என்று பெயர். தேர்வு முடிந்ததும் அலமாரிக்குப் போய்விடும்.

இன்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இக்தியோஃபிஸ் என்றால் சின்னதாக ஒரு வால் இருக்க வேண்டும். தோலுக்கடியில் புள்ளியாகக் கண் தெரிய வேண்டும். இதற்கு வாலும் இல்லை, கண்ணும் இல்லை. உடம்பு மொட்டையாக முடிகிறது. இது கெகெனியோஃபிஸ். பார்க்க ஒன்றுபோலத் தெரியும், வேறு பிராணி. நான் நேற்றுத் தோண்டி எடுத்ததும் இதுவே.

பிள்ளைகள் பார்த்து எழுதும் மாதிரி ரெக்கார்டைத் திறந்தேன். 'உடலின் முடிவில் சிறிய வால் உண்டு.' முப்பது வருஷத்துக்கு மேலாக, வாலே இல்லாத ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, வால் உண்டு என்று எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் இன்றைக்கு வாத்தியார்?

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜூலை 9

துறைத்தலைவர் மகாதேவன் சாரிடம் பாட்டிலையும் லென்ஸையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்க்கவில்லை. "வைங்க, பாக்குதேன்" என்றார். வைத்துக்கொண்டு டீ குடித்தார்.

"இந்த லேபிள் எனக்குப் பாடம் எடுத்த சார் கைப்பட எழுதுனது, மேடம்."

"தப்பா எழுதியிருக்காங்க சார்."

"இருக்கட்டும். ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இக்தியோஃபிஸ் ஒண்ணுன்னு இருக்கு. நீங்க பேர மாத்துனா ஆடிட்ல என்ன கேப்பான்? இக்தியோஃபிஸ் எங்க போச்சும்பான். ரிஜிஸ்டர்ல இல்லாத இன்னொண்ணு எப்படி வந்துச்சும்பான். ரெண்டுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்."

அட்டெண்டர் சொரிமுத்து அண்ணாச்சி பக்கத்தில் நின்று தலையாட்டினார். பாவம், அவர் போன வருஷம் உடைந்த ஒரு பிப்பெட்டுக்கே விளக்கம் எழுதிக் கொடுத்தவர்.

அதாவது, ரிஜிஸ்டரில் இருப்பதால் அதற்கு வால் முளைத்துவிடும். சரி. ரொம்பச் சரி.

ஜூலை 10

சார் இன்று கூப்பிட்டுச் சமாதானமாகப் பேசினார். அது இன்னும் எரிச்சல். "உங்க ஆராய்ச்சியப் பத்தி எனக்கு ரொம்பப் பெருமை. அத ஆராய்ச்சியா வச்சுக்கிடுங்க. பாடத்துக்குள்ள கொண்டாராதீங்க."

பிறகு எதற்குத்தான் கண்டுபிடிப்பது? அலமாரியில் வைப்பதற்கா?

ஜூலை 17

பாட்டிலை மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு எடுத்துப் போனேன். யாரிடமும் கேட்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்து, "பார்த்து வரைங்க" என்றேன்.

பார்த்த தாளிலெல்லாம் வால் போட்டிருந்தார்கள்.

கடையநல்லூர் ராபியாதான் வகுப்பில் முதல். யுனிவர்சிட்டி ரேங்க் வாங்குவாள் என்று சார் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். அவள் படம் அச்சடித்ததுபோல இருந்தது. மஞ்சள் கோடு, கண், வளையங்கள், வால். பாட்டிலில் இருப்பது வெளிறிப்போன ஒரு கயிறு. இவள் எதைப் பார்த்து வரைந்தாள்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து மனப்பாடம் ஆன படம். கை தானாக வரைகிறது.

கடைசிப் பெஞ்சில் முத்துசெல்வி. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை. இரண்டு அரியர். பாடம் மண்டையில் நிற்காது. அண்ணன் போலீஸ். இவளும் டிகிரி முடித்து எஸ்.ஐ. பரீட்சை எழுத வேண்டும் என்று விடிவதற்குள் எழுந்து ஓடுகிறவள். நான் பக்கத்தில் போனதும் தாளைக் கையால் மூடினாள்.

"மேடம், எனக்கு வரையத் தெரியாது. வால் வரல."

ரப்பரை எடுத்து முனையை அழித்துவிட்டு, பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து வால் போடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"ஏன் அழிக்க? பாட்டில்ல வால் இருக்கா?"

எட்டிப் பார்த்தாள். "இல்ல மேடம்."

"கண்ணு?"

"அதுவும் தெரியல. நான் சரியா பாக்கலையோன்னு நெனச்சேன்."

முழு வகுப்பிலும் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். அவளும் அது தன் தப்பு என்று நினைத்திருக்கிறாள்! நாம் சொல்லிக்கொடுத்த லட்சணம் இது.

லென்ஸைக் கைமாற்றி எல்லாரையும் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு முகமாக மாறுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் யாரும் போனைத் தொடவில்லை. வாலும் கண்ணும் ஏன் போயிருக்கும், மண்ணுக்குள்ளேயே இருப்பதற்குக் கண் எதற்கு என்று அவர்களாகவே சண்டை போட்டார்கள். இதற்குத்தானே இந்த வேலைக்கு வந்தேன்.

மணியடிக்கும்போது ராபியா எழுந்தாள். "மேடம், அப்ப எக்ஸாமுக்கு எத எழுத?"

"பார்த்தத எழுது" என்றேன். கொஞ்சம் கத்திவிட்டேன்.

ஜூலை 18

கேட்டது தப்பா? ரேங்க் வாங்க வேண்டிய பிள்ளை கேட்கத்தானே செய்யும். ஆனாலும் அந்தக் கேள்வி நேற்றிலிருந்து காதில் நிற்கிறது. பிராணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எதை எழுத என்றுதான் கேட்டாள்.

ஆகஸ்ட் 20

வீட்டில் புலம்பித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் இசக்கிதுரை செங்கோட்டைச் செக்போஸ்டில் ஏட்டு. சட்டையைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொல்கிறார்:

"ஏட்டி, இது எஃப்.ஐ.ஆர். மாதிரி. எழுதுனது எழுதுனதுதான். பொணம் ஆம்பளையா பொம்பளையான்னு பெறவு பாத்துக்கிடலாம்."

"வெளாடாதீங்க."

"வெளாடல. ஒரு புழுவுக்காகக் கேசு நடத்தப் போறியா?"

அது புழு இல்லை என்று அரை மணி நேரம் சண்டை. கடைசியில் அவர் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்.

செப்டம்பர் 14

கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பிவிட்டேன். மேக்கரைத் தோட்டத்தில் கிடைத்தது, எங்கள் கல்லூரிப் பாட்டிலில் இருப்பது, இரண்டும் கெகெனியோஃபிஸ் என்று படத்தோடு. சார் தன் பெயரைச் சேர்க்கச் சொல்வார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லவில்லை. "டிபார்ட்மெண்ட் பேர மட்டும் மறக்காம போடுங்க" என்றார். அவரைத் திட்டுவதற்கு ஒரு காரணம் குறைந்தது. அதுவும் கோபமாக இருந்தது.

அக்டோபர் 23

செய்முறைத் தேர்வுத் தேதி வந்தாயிற்று. வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டெர்னல் வருவார். அவரும் நானும் சேர்ந்து திருத்த வேண்டும். குற்றாலத்துப் பக்கம் எக்ஸ்டெர்னல் ட்யூட்டி என்றால் அடிதடி. அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுத்தான் தேதியையே குறிக்கிறார்கள். இந்தத் தடவை வருகிறவர் குடும்பத்தோடு வருகிறாராம். ரூம் போட்டாயிற்று. எண்ணெய் தேய்த்துவிட ஆள், மத்தியானத்துக்குச் செங்கோட்டைப் பார்டர் கடைக் கோழி, பரோட்டா. எல்லாம் சொரிமுத்து அண்ணாச்சி பொறுப்பு. ஒரு மாதமாக மைக்ராஸ்கோப் பல்பு வாங்க முடியாத டிபார்ட்மெண்ட் இது.

விடைக்குறிப்பை சார் தயாரித்துவிட்டார். 'ஸ்பாட்டர் D – இக்தியோஃபிஸ். சிறிய வால் உண்டு.' வேண்டுமென்றே அந்தப் பாட்டிலை வைத்திருக்கிறார் என்று சண்டைக்குப் போனேன்.

"வேற ஆம்பிபியா பாட்டில் எங்க இருக்கு மேடம்? தவள பாட்டில் லீக்காகி நாறுது."

அதுவும் உண்மை.

அக்டோபர் 25

எனக்குத் தெரியாமல் சார் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குப் போயிருக்கிறார். "சங்கரேஸ்வரி மேடம் சொல்லுதது ஆராய்ச்சி. நீங்க லேபிள எழுதுங்க. வாழ்க்கைய வீணாக்கிராதீங்க" என்றாராம்.

நான் ஏதோ கஞ்சா விற்கிற மாதிரி.

நான் மறுபடி வகுப்புக்குப் போய், பார்த்ததை எழுதுங்கள் என்று இன்னொரு தடவை சொன்னேன். மார்க் போடுவது நானும்தான், பயப்படாதீர்கள் என்றேன். ஆமாம், சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

நவம்பர் 6

இன்று தேர்வு.

காலையிலேயே எக்ஸ்டெர்னல் அருவிக்குப் போய்விட்டு ஈரத் தலையோடு வந்தார். நல்ல மனுஷர்தான், பிள்ளைகளிடம் கடிந்து பேசவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஐந்தருவிக்குப் போக வேண்டும், கூட்டம் வந்துவிடும் என்று வீட்டிலிருந்து போன் மேல் போன். மளமளவென்று திருத்தினார்.

முப்பத்தாறு பேரில் முத்துசெல்வி ஒருத்திதான் எழுதியிருந்தாள். எழுத்துப்பிழையோடு, 'இதற்கு வால் இல்லை, கண் வெளியே தெரியவில்லை. ஆகையால் இது கெகெனியோபிஸ்.' படம் கோணல்மாணல். ஆனால் அதுதான் பாட்டிலில் இருந்தது. மற்ற எல்லாத் தாளிலும் வால். ராபியா தாளிலும் வால்.

எக்ஸ்டெர்னல் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டார்.

"சார், அது சரி. பாட்டில் லேபிள்தான் தப்பு. இந்தாங்க லென்ஸ்."

மறுக்காமல் வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, மனுஷர் பார்க்கிறார், பார்த்துவிட்டார், இனிமேல் என்ன—

"ஆமா, வால் இல்லதான்" என்றார். "ஒடிஞ்சிருக்கும் மேடம். பழைய ஸ்பெசிமன்லா."

ஒடிஞ்சிருக்கும்!

"கண்ணும் ஒடிஞ்சிருச்சா சார்?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "கீ-ல என்ன இருக்கோ அதுக்குத்தான் நான் மார்க் போட முடியும். கீ உங்க ஹெச்.ஓ.டி. போட்டது. அதுல ஒங்களுக்கு அப்ஜெக்‌ஷன் இருந்தா தேர்வுக்கு முன்னால எழுதிக் கொடுத்திருக்கணும். இப்ப ஒரு பிள்ளைக்கு மட்டும் மாத்துனா மத்த முப்பத்தஞ்சு பேருக்கும் பூஜ்யம் போடணுமே, போடலாமா?"

முப்பத்தைந்து பேருக்கும் பூஜ்யம் போட நான் தயாரா? ராபியாவுக்கு? இல்லை. எழுதிக் கொடுத்தேனா? அதுவும் இல்லை. சாரோடு வாயால் சண்டை போட்டேன், காகிதத்தில் ஒரு வரி எழுதவில்லை.

மார்க் ஷீட்டில் அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் எனக்கான கட்டம். சார் கதவருகே நின்றார். சொரிமுத்து அண்ணாச்சி பார்சலோடு நின்றார். நானும் போட்டேன்.

நவம்பர் 7

கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டேன்?

நவம்பர் 8

ராபியாவைக் காரிடாரில் நிறுத்திக் கேட்டேன். லென்ஸில் நீயும்தானே பார்த்தாய் என்று.

"பாத்தேன் மேடம். வால் இல்ல. எனக்குத் தெரியும்."

"பெறவு?"

"அஞ்சு மார்க் மேடம்." பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "ரேங்க் வாங்கினாதான் எம்.எஸ்சி.க்கு விடுவேன்னு வாப்பா மஸ்கட்ல இருந்து சொல்லிட்டாங்க. வால் இல்லாததுனால ரேங்க் போச்சுன்னு வாப்பாட்ட எப்படிச் சொல்ல?" என்றாள்.

தெரியாமல் தப்பாக எழுதுகிறவர்களைத் திருத்தலாம். தெரிந்தே எழுதுகிறவளை என்ன செய்வது? திட்ட வாய் வரவில்லை. நேற்று முன்தினம் நான் செய்ததும் அதுதானே.

2025 ஜனவரி 21

ரிசல்ட். முத்துசெல்வி செய்முறைத் தேர்வில் ஃபெயில்.

மூன்று மார்க்கில்.

ஜனவரி 22

அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். அழவில்லை. லேபில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், நீங்கதான பாத்தத எழுதச் சொன்னீய?"

"ஆமா."

"எழுதுனேன். என்ன தப்பா எழுதுனன்னு எங்கய்யா கேக்காவ. சரியாத்தான் எழுதுனேன்னு சொன்னா நம்பமாட்டக்காவ. சரியா எழுதுனா யாராவது ஃபெயில் போடுவாவளாங்காவ." என் முகத்தையே பார்த்தாள். "நான் எழுதுனது சரிதானே மேடம்?"

"சரிதான்."

"அப்ப ஏன் மேடம் ஃபெயில்?"

இதற்கு ஒரு பதில் இருந்தால் நான் பிஎச்.டி. வாங்கியதற்கு அர்த்தம் இருந்திருக்கும்.

இந்தத் தேர்வை மறுபடி எழுத அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் பாஸாகி, அந்த இரண்டு அரியரையும் முடித்தாலும் டிகிரி கைக்கு வராது. டிகிரி இல்லாமல் எஸ்.ஐ. பரீட்சைக்கு மனுப் போட முடியாது. அவளுக்கு ஒரு வருஷம் போச்சு. நான் நல்ல வாத்தியார் என்று காட்டிக்கொண்டதற்கு அந்தப் பிள்ளை ஒரு வருஷம் கொடுத்திருக்கிறது.

ஜனவரி 27

செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாதாம். யுனிவர்சிட்டிக்கு எழுதினேன், போன் போட்டேன். "விதியில இடமில்ல மேடம்." பிரின்ஸிபாலிடம் போனேன். அவர் சாரிடம் போகச் சொன்னார். சார் என்னை உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"நான் முன்னமே சொன்னேம்லா."

சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. இந்த விஷயத்தில் அவர் சொன்னதுதான் நடந்திருக்கிறது. பிராணியைப் பற்றித் தப்பாகச் சொன்னவர் பிள்ளைகளைப் பற்றிச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன்.

"சார், இப்பவாவது லேபிள மாத்துவோம். அடுத்த பேட்சுக்காவது."

"அங்கீகாரக் கமிட்டி வருது மேடம். அதுக்கப்புறம் பாப்போம்."

மார்ச் 19

கட்டுரை வெளிவந்துவிட்டது. நல்ல ஜர்னல். சார் ஸ்டாஃப் ரூமிலும் வகுப்புகளிலும் எல்லாருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். சிரித்தேன் என்று போட்டோவைப் பார்த்தால் தெரிகிறது.

முத்துசெல்வி வகுப்பில் இருந்தாள். அவளுக்கும் சிப்ஸ் போயிருக்கும்.

ஜூன் 12

ராபியாவுக்கு ரேங்க். திருநெல்வேலியில் எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டாள். போனில் சொன்னாள். சந்தோஷம்தான். நிஜமாகவே சந்தோஷம். அவள் மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

முத்துசெல்வி மற்ற எல்லாவற்றிலும் பாஸ். இந்த ஒன்றுதான் பாக்கி. எஸ்.ஐ. பரீட்சைக்கு அறிவிப்பும் வந்துவிட்டதாம். அவள் மனுப் போடவில்லை. ஆலங்குளத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாளாம்.

ஜூலை 24

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

இன்று அங்கீகாரக் கமிட்டி வந்தது. ஒரு மாதமாக வெள்ளை அடித்து, பூந்தொட்டி வாங்கி, எல்லாரும் பட்டுச்சேலை. எங்கள் துறை வாசலில் பிளக்ஸ்: 'ஆராய்ச்சியும் கற்பித்தலும் கைகோர்க்கும் துறை.' உள்ளே போனால் என் கட்டுரையின் முதல் பக்கம். பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சுவரில். எந்தச் சுவரில்? அந்த அலமாரிக்கு நேர் மேலே. கட்டுரைப் படத்தில் அதே பாட்டில், கெகெனியோஃபிஸ் என்று. கீழே அலமாரியில் அதே பாட்டில், இக்தியோஃபிஸ் என்று. பழைய லேபிள் வேறு மங்கிவிட்டது என்று புதிதாக பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள்! ஒட்ட முடிந்திருக்கிறது பாருங்கள். அதே பசை, அதே காகிதம். சரியான பெயரை ஒட்டத்தான் முடியாது.

கமிட்டியில் ஒருவர் நின்று இரண்டையும் பார்த்தார். பார்த்துவிட்டார்! "ரெண்டும் வேற வேற பேரா இருக்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சார் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அது ரிசர்ச் சார். இது டீச்சிங்."

"ரெண்டும் ஒரே பாட்டில்தான் சார்" என்றேன் நான். சத்தமாகத்தான் சொன்னேன். அறையே கேட்டது.

அந்தக் கமிட்டிக்காரர் சிரித்தார். ஏதோ நான் ஜோக் அடித்ததுபோல, சார் சிரித்தார், பிரின்ஸிபால் சிரித்தார், பின்னால் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பாதாம்பால் குடிக்கப் போய்விட்டார்கள்.

பாட்டிலை எடுத்துத் தரையில் போட்டு உடைத்தால் என்ன என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. சொரிமுத்து அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "மேடம், வேண்டாம். எம் பேர்லதான் அலமாரி இருக்கு" என்றார் மெதுவாக. என் முகத்தில் தெரிந்திருக்கிறது.

ஜூலை 25

எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுத்தேன், சாருக்கு ஒன்று, பிரின்ஸிபாலுக்கு ஒன்று, யுனிவர்சிட்டிக்கு ஒன்று. லேபிளையும் விடைக்குறிப்பையும் மாற்றக் கோரி, கட்டுரையை இணைத்து. போன வருஷம் செய்திருக்க வேண்டியது.

செப்டம்பர் 9

யுனிவர்சிட்டியிலிருந்து பதில். பாடத்திட்டத்தில் இக்தியோஃபிஸ் என்றுதான் உள்ளது, மாற்றம் பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் 'பரிசீலிக்கப்படும்.' அடுத்த கூட்டம் அடுத்த வருஷமாம். நான் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லவே இல்லை. ஒரு பாட்டிலைப் பற்றிச் சொன்னேன்.

கடிதத்தை வீட்டில் காட்டினேன். இவர் படித்துவிட்டு, இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. "விடாத" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 30

முத்துசெல்வி ஜவுளிக்கடையில் அரை நாள் லீவு போட்டு வந்தாள். அடுத்த வாரம் அவளுக்கு அரியர் செய்முறை. மெலிந்திருக்கிறாள். இப்போதும் காலையில் ஓடுகிறாயா என்று கேட்டேன். ஓடுகிறாளாம்.

"அதே பாட்டில்தான் வைப்பாவளா மேடம்?"

"அதேதான்."

"நான் எத எழுத?"

ராபியா கேட்ட அதே கேள்வி. அன்றைக்குக் கத்தினேன். இன்றைக்கு எழுந்துபோய் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். மாதிரி ரெக்கார்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இக்தியோஃபிஸ்னு எழுது. சிறிய வால் உண்டுன்னு எழுது. நல்லா மனப்பாடம் பண்ணிக்கோ."

என் வாயால் சொன்னேன். என் பெயர் போட்ட கட்டுரை சுவரில் தொங்க, அதற்குக் கீழே உட்கார்ந்து சொன்னேன்.

அவள் ரெக்கார்டைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி மேடம்" என்றாள். அவள் மறுத்திருந்தால் தேவலை என்று இருந்தது. மறுத்தால் இன்னும் ஒரு வருஷம் போகும், மறுக்கக் கூடாது என்றும் இருந்தது. யார் மேல் இந்தக் கோபத்தைக் காட்டுவது? சார் மேல் காட்டிக் காட்டி அலுத்துவிட்டது.

நவம்பர் 5

இந்த வருஷம் வேறு எக்ஸ்டெர்னல். இவர் அருவிக்குப் போகவில்லை, மூட்டுவலி. ஆனால் கொல்லம் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று அவசரம்.

தாள்களை அவர் முதலில் திருத்தினார், பிறகு என்னிடம் தள்ளினார். ஸ்பாட்டர் D-க்கு ஒவ்வொரு தாளிலும் எழுதியிருப்பதை மட்டும் ஓட்டமாகப் பார்த்து, டிக், டிக், ஐந்து.

முத்துசெல்வி தாள் வந்தது. 'இக்தியோஃபிஸ். காலற்ற இருவாழ்வி. தாய் முட்டைகளைச் சுற்றிப் பாதுகாக்கும். உடலின் முடிவில் சிறிய வால் உண்டு.' ஒரு பிழையில்லை. ரெக்கார்டில் இருப்பது வரிக்கு வரி. டிக். ஐந்துக்கு ஐந்து. பாஸ். மற்றவையெல்லாம் சுமார்தான், ஆனாலும் போதும்.

பக்கத்தில் படம். இன்னமும் அவளுக்கு வரைய வரவில்லை. கோடு நடுங்குகிறது, வளையங்கள் ஒன்றுபோல இல்லை. ஆனால் முனையில் நிதானமாக, அழுத்தி, மொட்டையாக முடித்திருந்தாள். தலைப்பக்கம் கண் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ரப்பர் தொட்ட தடம் எங்கும் இல்லை.

எக்ஸ்டெர்னல் கை கழுவப் போயிருந்தார். சார் கதவருகே வந்து, "முடிஞ்சுதா மேடம்?" என்றார்.

"முடிஞ்சுது சார்."

அந்தத் தாளை எடுத்துக் கட்டின் நடுவில் சொருகி, நானே நூல் கட்டினேன்.